மகள் முதலில், மனைவி கடைசியில்: குடியுரிமைக் கட்டணத்தை எந்த வரிசையில் கட்டுவது?

கேள்வி: இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலி. எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் ஐஎல்ஆர் (காலவரையற்ற வசிப்புரிமை) கிடைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் இந்தியாவில் பிறந்தவள். இன்னும் நாலு மாதத்தில் 18 முடிகிறது. மகன் இங்கே பிறந்தவன், வயது 6. அன்று கையில் பணம் போதாததால் அவனுக்கு மட்டும் ஐஎல்ஆர் போடவில்லை; டிபென்டன்ட் விசா இன்னும் 11 மாதம் இருக்கிறது. மகள் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் போவதற்குள் நால்வருக்கும் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட நினைக்கிறோம். மகனின் ஐஎல்ஆரோடு சேர்த்து 8,927 பவுண்டு வருகிறது. ஐசாவில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 5,200 பவுண்டு இருக்கிறது. மீதிக்கு கிரெடிட் கார்டு போடலாமா, ஊரில் உள்ள என்ஆர்இ டெபாசிட்டை (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கி வைப்பு) உடைக்கலாமா? தன் அம்மாவுக்கு முடியாமல் போனதால் மனைவி இந்த ஆண்டு ஐந்து மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தார். அது பாதிக்குமா?

பதில்: கார்டையும் எடுக்க வேண்டாம், டெபாசிட்டையும் தொட வேண்டாம். நீங்கள் போட்ட கணக்கிலேயே 3,029 பவுண்டு தேவையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. (இங்கே வரும் கட்டணங்கள் எல்லாம் 2025 ஏப்ரல் நிலவரம்.)

அது மகனின் ஐஎல்ஆர் கட்டணம். 1983 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ ஐஎல்ஆர் உள்ளவராகவோ இருக்க வேண்டும். உங்கள் மகன் பிறந்தபோது நீங்கள் விசாவில் இருந்தீர்கள். ஆனால் இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் பிற்பாடு ஐஎல்ஆர் வாங்கினாலே, அந்தக் குழந்தையைக் குடிமகனாகப் பதிவு செய்ய உரிமை வந்துவிடுகிறது. அதற்குக் குழந்தையின் பெயரில் ஐஎல்ஆர் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ‘முதலில் ஐஎல்ஆர், பிறகு குடியுரிமை’ என்ற வரிசை பெரியவர்களுக்கானது. அதைப் பிள்ளைக்கும் பொருத்திப் பார்த்து மூவாயிரம் பவுண்டைக் கட்டிவிட்டு வந்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சல்தான். மகனுக்கு நேரே 1,214 பவுண்டு கட்டிப் பதிவுக்குப் போடுங்கள்.

ஆக, மீதி 5,898 பவுண்டு. 2025 ஏப்ரல் கட்டணப்படி பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,735 (குடியுரிமை ஏற்பு விழாக் கட்டணம் 130-ம் இதிலேயே அடக்கம்), பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,214. இதையும் ஒரே நாளில் கட்ட வேண்டியதில்லை.

உண்மையில் அவசரம் மகளுக்குத்தான், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர் கட்டணத்துக்கும் மாணவர் கடனுக்கும் பாஸ்போர்ட் தேவையில்லை. ஐஎல்ஆரும், படிப்பு தொடங்குவதற்கு முன் மூன்றாண்டு இங்கே வசித்திருப்பதும் போதும். அவளுக்கு இரண்டும் இருக்கின்றன. அவசரம் 18-வது பிறந்தநாளால். அதற்கு முன்பு விண்ணப்பித்தால் பிள்ளைகளுக்கான கட்டணம். ஒரு நாள் தாண்டினாலும் 1,735 பவுண்டு, அதோடு லைஃப் இன் த யுகே (பிரிட்டிஷ் வாழ்க்கை, வரலாறு பற்றிய) தேர்வுக்கு 50 பவுண்டு. (முடிவு வருவதற்குள் 18 ஆகிவிட்டால் விழாவுக்கான 130 மட்டும் கூடும்.)

ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பதிவு ஹோம் ஆபீஸின் (பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம்) விருப்புரிமைக்கு உட்பட்டது. பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கிறாரா, அல்லது கூடவே விண்ணப்பிக்கிறாரா என்று பொதுவாகப் பார்ப்பார்கள். அதனால் மகளை மட்டும் தனியே அனுப்பாமல் நீங்களும் சேர்ந்து விண்ணப்பியுங்கள். இருவருக்கும் 2,949 பவுண்டு. ஐஎல்ஆருக்கு நீங்கள் காட்டிய ஆங்கிலச் சான்றும் எழுதிய தேர்வும் இதற்கும் செல்லும், மறுபடி செலவில்லை.

மனைவியை இப்போது சேர்க்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது விதி. ஐந்தாண்டுக்கு மொத்தம் 450 நாள். ஐந்து மாதம் என்றால் 150 நாள். கொஞ்சம் கூடினால் விட்டுக்கொடுப்பார்கள், இவ்வளவுக்கு உறுதி சொல்ல முடியாது. நிராகரித்தால் விழாக் கட்டணம் மட்டுந்தான் திரும்பி வரும், மற்ற 1,605 போனது போனதுதான். அம்மாவைப் பார்த்துக்கொண்டது தப்பா என்று அவர் கேட்கலாம். தப்பில்லை, கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. அவரிடம் ஐஎல்ஆர் இருக்கும்வரை இங்கே வாழவும் வேலை செய்யவும் எந்தத் தடையும் இல்லை. மாதம் 150 பவுண்டு ஒதுக்கினால் 12 மாதத்தில் அவர் கட்டணம் கையில் இருக்கும். அதற்குள் நீங்கள் குடிமகனாகிவிட்டால், கணவர் வழியில் மூன்றாண்டுக்கு 270 நாள் என்ற கணக்கும் அவருக்குத் திறக்கும். ஆனால் கடைசி ஆண்டின் 90 நாள் அங்கேயும் உண்டு.

ஆகவே, இந்த மாதம் நீங்களும் மகளும். மகனுக்கு இரண்டு மாதத்துக்குள். முடிவு வர ஆறு மாதம் ஆகலாம், விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் விசா தானாக நீளாது. அதனால் 11 மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். மூவருக்கும் 4,163 பவுண்டு. ஐசாவில் ஆயிரம் சொச்சம் மிஞ்சும். அதில் பாஸ்போர்ட்டுக்கு 250 பவுண்டு போகும் (உங்களுக்கும் மகளுக்கும் 94.50, மகனுக்கு 61.50). கையிருப்பு மெலிந்துவிடும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கார்டு வட்டியைவிட அது மேல். என்ஆர்இ டெபாசிட்டை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டியே கிடைக்காது. வேலை போனால் எடுக்கும் பணமாக அதை வைத்திருங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்றாலும் இங்கே உண்டு. கணக்கில் காட்டாமல் விட்டிருந்தால் விண்ணப்பத்துக்கு முன் சரிசெய்யுங்கள், வரி விஷயத்தில் குறை இருந்தால் நன்னடத்தை நிபந்தனையில் மாட்டும்.

நான் பணத்துக்கு ஆலோசனை சொல்பவன், குடிவரவுச் சட்டம் சொல்ல எனக்கு உரிமம் இல்லை. மகளின் விண்ணப்பத்தை அனுப்புமுன் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டணம் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும், கட்டும் நாளில் அரசுத் தளத்தைப் பாருங்கள்.

ஊருக்கு டிக்கெட் எதுவும் இப்போதே போட்டுவிடாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்த பிறகு பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்ய முடியாது. அதை ஒப்படைத்து, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான நீண்டகால அனுமதி) வரும்வரை விசா எடுத்துத்தான் திருநெல்வேலி போக வேண்டும். பிள்ளைகளுக்கும் அப்படியே.