கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றனவா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் ஆறு பெட்டைகளில் இரண்டுக்கு முதுகில் இறகே இல்லை. தானாக உதிர்கிறதா, மற்றவை பிடுங்குகின்றனவா?

பதில்: கோழியைக் கையில் எடுத்து, வெறுமையான இடத்தின் ஓரத்தைப் பாருங்கள். பருவத்தில் உதிரும் இறகு தலையில் தொடங்கி கழுத்து, மார்பு, முதுகு, இறக்கை, வால் என்று போகும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், உதிர்ந்த இடத்தில் முள்முள்ளாகக் குருத்து எட்டிப் பார்க்கும். கொத்துப்பட்ட கோழிக்கு வாலடியிலும் முதுகிலும் ஒடிந்த தண்டுகள் நிற்கும், தோல் சிவந்திருக்கும். சேவல் இருந்தால் பின்னந்தலையையும் பாருங்கள். அங்கேயும் முதுகிலும் தேய்ந்திருந்தால் அது சேவல் மிதித்தது. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் வேண்டும்.

புதுக் குருத்துக்குள் ரத்தம் ஓடும். ஒடிந்தால் சிந்தும், அந்தச் சிவப்பைப் பார்த்து மற்றவை கூடிவிடும். சாதாரண இறகு உதிர்வு கொத்துச் சண்டையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கேள்வி: லேயர் தீவனத்தோடு (முட்டைக்கோழித் தீவனம்) பாதிக்குப் பாதி மக்காச்சோளம் கலந்து வயிறு நிறையப் போடுகிறேன். ஆனாலும் இறகைப் பிடுங்கித் தின்கின்றன.

பதில்: வயிறு நிறைகிறது, புரதம் நிறையவில்லை. லேயர் தீவனத்தில் சுமார் 16 சதவீதம் புரதம், சோளத்தில் 8 அல்லது 9. சரிபாதியாகக் கலந்தால் 12 சொச்சத்துக்கு இறங்கிவிடும். இறகு முழுக்கப் புரதம்தான், அதனால் குறைந்ததை அங்கே தேடுகின்றன. முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 110 முதல் 120 கிராம் தின்னும். அதில் சோளம் 10 கிராமைத் தாண்ட வேண்டாம். அதையும் தட்டில் வைக்காமல் பிற்பகலில் கூளத்தில் தூவிவிடுங்கள், கிளறித் தேடட்டும். இறகு உதிர்க்கும் காலத்தில் 18 முதல் 20 சதவீதப் புரதம் உள்ள தீவனத்துக்கு மாற்றுங்கள்.

குருணைத் தீவனத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அலகு சும்மா இருக்கும். அதே தீவனம் தூளாக இருந்தால் தின்ன வெகுநேரம் பிடிக்கும், கொத்தலும் குறையும். கீரைக்கட்டைத் தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். தீவனத்தை நீங்களே கலக்கிறவர் என்றால் உப்பையும் சரிபாருங்கள், 100 கிலோவுக்குச் சுமார் 300 கிராம். உப்புக் குறைந்தாலும் கொத்தும். அதற்காகத் தண்ணீரில் உப்பைக் கரைத்து வைக்காதீர்கள், கூடினால் கோழி செத்துவிடும்.

கேள்வி: கூண்டு 4 அடிக்கு 6 அடி. பத்துக் கோழிக்குப் போதுமா?

பதில்: போதாது. உள்ளே கோழிக்கு 4 சதுர அடி என்றால் ஆறுதான் கணக்கு. வெளியே திரிய ஒவ்வொன்றுக்கும் 10 சதுர அடி, உட்காரும் கழியில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வேண்டும். இடத்தைவிட முக்கியம், துரத்தப்படும் கோழி கண்ணில் படாமல் போக ஒரு மறைவு. பலகையைச் சாய்த்து வையுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் வழி திறந்திருக்க வேண்டும். ஒரு வழி மட்டும் இருந்தால் அதுவே பொறியாகிவிடும். தீவனத் தட்டும் இரண்டாக, ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி இருக்கட்டும்.

கேள்வி: பின்பக்கத்தைக் கொத்தி ஒரு கோழி செத்தே போனது. ஏன் அந்த இடத்தையே?

பதில்: கொத்தலில் மிகக் கொடியது இதுதான், காத்திருக்காதீர்கள். முட்டையிடும்போது உட்சவ்வு சில நொடிகள் சிவப்பாக, ஈரமாக வெளியே தெரியும். வெளிச்சமான இடத்திலோ தரையிலோ இட்டால் மற்றவை பார்த்துக் கொத்தும், ரத்தம் வந்துவிட்டால் பிறகு விடாது. நான்கைந்து கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி வைத்து, முன்னால் சாக்குத் துணியைத் தொங்கவிட்டு இருட்டாக்குங்கள். விளக்கு நேரமும் சேர்த்து வெளிச்சம் 16 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சீக்கிரம் முட்டைக்கு வந்த விடைக்கோழிக்கும் (இளம் பெட்டை) கொழுத்த கோழிக்கும் சவ்வு உள்ளே போகாமல் நின்றுவிடுவதுண்டு. அப்படி நின்றால் உடனே தனியாக்கி கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புண்ணுக்கு என்ன போடலாம்?

பதில்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, நீர்த்த பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். காயம் ஆறி, தோலின் சிவப்பு மறைந்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். ஈ மொய்த்துப் புழு வைக்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். வேரோடு பிடுங்கிய இறகு சில வாரங்களில் முளைக்கும். பாதியில் ஒடிந்தது அடுத்த உதிர்வுக் காலத்தில்தான் மாறும்.

கேள்வி: கொத்துகிற கோழி எதுவென்று தெரிந்துவிட்டது. அலகை வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அலகுக்குள் நரம்பு ஓடுகிறது. வலிதான் மிஞ்சும், காரணம் அப்படியே இருக்கும். அந்தக் கோழியை மற்றவை கண்ணில் படாமல் மூன்று முதல் ஏழு நாள் தனியே வையுங்கள். திரும்பி வரும்போது கூட்டத்தில் அதன் பழைய அதிகாரம் போயிருக்கும், கொட்டம் அடங்கும்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஒரு விடைக்கோழியை விட்டதும் எல்லாம் சேர்ந்து விரட்டின.

பதில்: ஒற்றைக் கோழியாகச் சேர்க்காதீர்கள், இரண்டு மூன்றாகச் சேருங்கள். நோய்க்காக முதலில் நான்கு வாரம் தள்ளி வையுங்கள். பிறகு கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒன்றிரண்டு வாரம், பார்க்கலாம், தொட முடியாது. அப்புறம் திறந்த வெளியில் ஒன்றாக விடுங்கள். விரட்டுவதும் கொண்டையில் ஒரு கொத்து வைப்பதும் சில நாள் இருக்கும், அது தங்களுக்குள் வரிசை பிடிப்பது. ரத்தம் வந்தாலோ, மூலையில் மடக்கி நிறுத்தினாலோ பிரித்துவிடுங்கள். இரவில் புதுக்கோழியின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். காலியாக இருந்தால் அதைத் தின்ன விடவில்லை.

கேள்வி: ஒரு கோழி தன் இறகையே பிடுங்குகிறது, இரவில் கூண்டுக்குள் போக மறுக்கிறது.

பதில்: செந்நிறச் சிற்றுண்ணியாக இருக்கலாம். பகலில் இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். இருட்டியபின் வெள்ளைத் தாளால் கழியின் அடியில் அழுத்தித் துடையுங்கள், சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான். கோழிக்கு மட்டும் மருந்திட்டால் போதாது, கூண்டின் இடுக்கெல்லாம் அடித்து, ஏழு நாளில் மறுபடி அடியுங்கள். உண்ணியின் முட்டைக்குள் இருந்தது அதற்குள் பொரித்திருக்கும்.

கேள்வி: பத்து நாள் குஞ்சுகள் ஒன்றன் கால்விரலை ஒன்று கொத்துகின்றன.

பதில்: சூடு கூடியிருக்கும், அல்லது வெள்ளை விளக்கு கண்ணைக் கூசும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். உங்கள் குஞ்சுகளுக்கு இப்போது 32 போதும். விளக்கைச் சிவப்பாக மாற்றுங்கள், காயம் பட்ட குஞ்சை இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.