திரை இல்லாமல் பிள்ளைகளை வீட்டில் எப்படி ஈடுபடுத்துவது?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில், மழை பிடித்துக்கொண்ட மாலையில், கைப்பேசி கொடுக்காமல் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று பலர் கேட்கிறார்கள். உதிரிப் பொருள் விளையாட்டைத்தான் நான் சொல்வேன். இப்படித்தான் விளையாட வேண்டும் என்ற விதி இல்லாத பொருள்களைக் கொடுப்பது, அவ்வளவுதான்: மைலோ டின், அட்டைப் பெட்டி, துணிக் கிளிப், பூங்காவில் பொறுக்கிய மஞ்சாடி விதை (மூன்று வயதுக்குக் கீழ் விதை வேண்டாம், தொண்டையில் சிக்கும்).

மாற்றியமைக்கக்கூடிய பொருள்கள் கூடக் கூடக் கற்பனையும் கூடும் என்று பிரிட்டன் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதினார். பொட்டலத்தில் வாங்கிய முறுக்கைத் தின்னத்தான் முடியும். பிசைந்த மாவு இருந்தால் என்ன வடிவமும் வரும். கார் பொம்மை எப்போதும் கார்தான். பெட்டியோ காலையில் எல்ஆர்டி ரயில், மாலையில் நாசி லெமாக் கடை.

பெற்றோர் கூடவே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, முதலில் வரும் “போர் அடிக்குது”வைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் பெரும்பாலும் அவர்களே தொடங்கிவிடுவார்கள்.