விழாத மஞ்சள் கொடி

ஜனவரி 1, 2025 அன்று அட்லாண்டாவில் நடந்த பீச் பவுல் ஆட்டத்தில், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் டெக்சஸ் பல்கலைக்கழகத்திடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 39–31 என்று தோற்றது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (கால்பந்து அல்ல, ஹெல்மெட் அணிந்து கையில் பந்தோடு ஓடும் ஆட்டம்) தேசியப் பட்டத்துக்கான காலிறுதி அது. வாசகர் கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே வந்திருப்பதால் இம்முறை கேள்வி–பதில் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: ஐயா, ஆட்டத்தை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். தலையும் தலையும் மோதியதை ஊரே பார்த்தது, நடுவர்கள் மட்டும் பார்க்கவில்லை. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?
— முதுகலை மாணவர், டெம்பே, அரிசோனா

ப: தம்பி, அந்த மோதலைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆட்டம் 24–24 என்று நிற்கிறது. முடிய ஒரு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. டவுன் என்பது பந்தை முன்னே நகர்த்தும் ஒரு முயற்சி; நான்கு முயற்சிக்குள் தேவையான தூரத்தைக் கடந்தால் மறுபடி முதல் டவுன். இது மூன்றாவது டவுன், 15 கஜம் வேண்டும். அரிசோனா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சாம் லெவிட் நடுவில் எறிந்த பந்தை மெல்க்வான் ஸ்டோவால் வாங்கித் திரும்புவதற்குள் டெக்சஸ் தடுப்பாளர் மைக்கேல் டாஃப் வந்து மோதினார். ஹெல்மெட்டோடு ஹெல்மெட். குற்றம் கண்டால் நடுவர் எறிகிற மஞ்சள் கொடி விழவில்லை. ரீப்ளே அறை ஆட்டத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு, குற்றமில்லை என்றது. என் பார்வையில் அது குற்றம்தான். கொடுத்திருந்தால் 15 கஜமும் புதிய முதல் டவுனும் கிடைத்திருக்கும். ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) அடிக்கும் தூரத்துக்குப் பந்தை நகர்த்த நல்ல வாய்ப்பு இருந்தது. அதற்குப் பதிலாகப் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் 'பிடுங்கிக்கொண்டார்கள்' என்பதை நான் ஏற்கமாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக நினைத்துப் பாருங்கள். நேரம் முடியும் நொடியில் டெக்சஸின் பெர்ட் ஆபர்ன் 38 கஜத்திலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனது. அது உள்ளே போயிருந்தால் 27–24, அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். பெரும்பாலும் உள்ளே போகிற தூரம் அது. நடுவர் கொடுக்காத வாய்ப்பை அந்தக் கம்பம் கொடுத்தது.

முதல் கூடுதல் நேரத்தில் நம் அரிசோனா ஸ்டேட் முதலில் ஆடி டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, ஆறு புள்ளி; அதன்பின் கூடுதலாக ஒன்றோ இரண்டோ எடுக்கலாம்) போட்டது. 31–24. பதிலுக்கு ஆடிய டெக்சஸுக்கு நான்காவது டவுன் வந்துவிட்டது, 13 கஜம் வேண்டும். இந்த ஒன்றைத் தடுத்தால் அரையிறுதி. குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸை அமுக்குவதற்கு நம் பயிற்சியாளர்கள் ஆட்களை முன்னே ஏவினார்கள். பின்னால் காவல் மெலிந்தது. யூவர்ஸ் அந்த ஒரு கண இடைவெளியில் மாத்யூ கோல்டனுக்கு எறிந்தார். 28 கஜம், டச்டவுன். இரண்டாவது கூடுதல் நேரத்தின் முதல் எறிதலிலேயே கன்னர் ஹெல்ம் இன்னொன்று போட்டார். கடைசியில் லெவிட் எறிந்த பந்தை டெக்சஸின் ஆண்ட்ரூ முக்கூபா பிடித்துக்கொண்டார்.

நான் அன்று எழுந்து நின்று தலையில் கை வைத்தது அந்த நான்காவது டவுனுக்குத்தான், டாஃபின் மோதலுக்கு அல்ல. தீர்ப்பு தவறு என்று சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பே தோற்கடித்தது என்று சொன்னால், அதற்குப் பிறகும் அரையிறுதியை எட்டிப் பிடிக்கிற இடத்துக்கு வந்த பிள்ளைகளின் உழைப்பை நீங்களே கணக்கில் சேர்க்காமல் விடுகிறீர்கள்.

கே: கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். மகள் அரிசோனாவில் படிப்பதால் இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பார்த்தேன். 'டார்கெட்டிங்' என்று எல்லோரும் கத்துகிறார்களே, அது என்ன?
— வாசகர், கோயம்புத்தூர்

ப: தன்னைக் காத்துக்கொள்ள நேரமில்லாத ஆட்டக்காரரின் தலையிலோ கழுத்திலோ வேகமாக மோதுவது. அப்போதுதான் பந்தைப் பிடித்தவர், எறிந்து முடித்தவர் எல்லாம் அந்த வகையில் வருவார்கள். மோதல் மட்டும் போதாது. தாக்க வந்தவர் எகிறிப் பாய்ந்தாரா, தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தாரா, ஹெல்மெட்டை முன்னே நீட்டினாரா என்று ஏதாவது ஓர் அடையாளமும் வேண்டும். 2013 முதல் இந்தக் குற்றத்துக்கு 15 கஜத்தோடு ஆட்டக்காரரை வெளியேற்றுவதும் உண்டு. இந்த ஆட்டம் நடந்தபோது இருந்த விதிப்படி, இரண்டாம் பாதியில் செய்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் ஆட முடியாது. மூளை அதிர்ச்சியால் இளைஞர்களின் வாழ்க்கை கெடுவதைப் பார்த்துத்தான் இவ்வளவு கடுமையாக்கினார்கள். கடுமை எனக்குச் சம்மதமே.

கிரிக்கெட்டில் டிஆர்எஸ் கேட்கும்போது 'அம்பயர்ஸ் கால்' என்று ஒன்று இருக்கிறதே, சந்தேகமானால் களத்தில் சொன்னதே நிற்கும் என்று, டார்கெட்டிங்கில் அது 2019 முதல் இல்லை. ரீப்ளே அறை ஒவ்வொரு கூறையும் உறுதி செய்ய வேண்டும். ஒன்று குறைந்தாலும் குற்றம் கிடையாது.

சிக்கல் இங்கேதான். களத்தில் நிற்கும் நடுவருக்கு விதிப்புத்தகம், ஐயமிருந்தால் அது குற்றம் என்று சொல்கிறது. மேலே திரையைப் பார்ப்பவருக்கு, ஐயமிருந்தால் குற்றமில்லை என்று ஆகிவிடுகிறது. ஒரே விதி, இரண்டு தராசு. ஒரு வாரம் கொடுத்ததை அடுத்த வாரம் கொடுக்காமல் விடுவதாக ரசிகர்களுக்குத் தோன்றுவதன் காரணம் இதுதான். அரிசோனா ஸ்டேட் பயிற்சியாளர் கென்னி டில்லிங்ஹாம், டார்கெட்டிங் என்றால் என்னவென்று தனக்கே தெரியவில்லை என்று ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் பிள்ளைகளுக்கு எப்படி மோதக் கற்றுக்கொடுப்பது என்ற கவலை அதில் இருக்கிறது.

கே: டெக்சஸ் ரசிகை எழுதுகிறேன். 24–8 என்று பின்தங்கியது யார் குற்றம்? அதையும் நடுவர்கள் தலையில் போடுவீர்களா? எங்கள் டாஃபை இணையத்தில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள்.
— வாசகி, ஆஸ்டின்

ப: அம்மா, நியாயமான கேள்வி. முதல் கால் பகுதியிலேயே டெக்சஸ் இரண்டு டச்டவுன் போட்டு 14–3 ஆக்கியது. அதில் ஒன்று, அரிசோனா ஸ்டேட் உதைத்த பந்தை டெக்சஸின் சைலஸ் போல்டன் எடுத்து 75 கஜம் ஓடியது. ஒரு தடுப்பு சரியாக விழுந்திருந்தால் அது நடந்திருக்காது. அரிசோனா ஸ்டேட் மொத்தம் 510 கஜம் எடுத்தது, டெக்சஸ் 375. அவ்வளவு நகர்ந்தும் மூன்று கால் பகுதிகள் முழுக்க டச்டவுன் போட முடியவில்லை என்றால் அது அணியின் குறைதான்.

டாஃபைத் திட்டுவது தவறு. உதவித்தொகை இல்லாமல் அணிக்குள் வந்து உழைத்து இடம் பிடித்த இளைஞர் அவர். கொடியை எடுப்பதும் விடுவதும் அவர் வேலை இல்லை. அவர் வேலை பந்து பிடித்தவரை நிறுத்துவது. தலையைத் தாழ்த்தாமல் மோத வேண்டும் என்று அவருக்குச் சொல்லலாம், அதுவும் அவருடைய பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் உங்கள் பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 19, ஜார்ஜியா உங்கள் ஊருக்கு வந்து ஆடிய இரவு. டெக்சஸின் ஜாடே பாரன், ஜார்ஜியா எறிந்த பந்தைப் பறித்தார், நடுவர்கள் அவர் மீது குற்றம் கொடுத்தார்கள். மாணவர் பகுதியிலிருந்து பாட்டில்கள் களத்தில் வந்து விழுந்தன. ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசி, கொடுத்த குற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். திருத்தியது சரியான தீர்ப்புதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பாட்டில் எறிந்தால் தீர்ப்பு மாறும் என்று ஒரு மைதானம் முழுக்க உட்கார்ந்திருந்த இளைஞர்கள் அன்று பார்த்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு 2,50,000 டாலர் அபராதம் விழுந்தது. ஆட்டத்தையும் ஜார்ஜியாவே 30–15 என்று வென்றது. நடுவர் மீது கோபம் எந்த ஊருக்கும் புதிதல்ல, அது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் ரசிகர்கள் பார்க்க வேண்டியது.

கே: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டம் முடிந்து வாரக்கணக்காகியும் நடுவரைத் திட்டிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு எப்படிச் சொல்வது?
— வாசகி, சாண்ட்லர், அரிசோனா

ப: இந்த ஊரில் நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். டெம்பே மைதானத்தில் உட்கார்ந்து இந்த அணியைப் பார்த்துக்கொண்டே தலை நரைத்தவன். அவனுக்கு அறிவுரை வேண்டாம். இரண்டு மூன்று கதைகளைச் சொல்லுங்கள்.

முதலில் நம் வீட்டுக் கதை. 2013 செப்டம்பர் 14, டெம்பே. விஸ்கான்சின் எதிரணி. அரிசோனா ஸ்டேட் 32–30 முன்னிலை. 18 நொடிகள் பாக்கி இருக்கும்போது விஸ்கான்சின் குவார்ட்டர்பேக் ஜோயல் ஸ்டேவ், ஃபீல்டு கோலுக்கு வாகாகப் பந்தை நடுவே கொண்டுவந்து, முழங்காலிட்டு, தரையில் வைத்தார். நம் ஆட்கள் அதைத் தவறவிட்ட பந்து என்று நினைத்து மேலே விழுந்தார்கள். நடுவர்கள் பந்தை எடுத்து ஒழுங்காக வைப்பதற்குள் கடிகாரம் ஓடி முடிந்தது. விஸ்கான்சினுக்கு உதைக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. நம் அணி அப்போது இருந்த பேக்–12 கூட்டமைப்பு அந்த நடுவர்களைப் பிறகு கண்டித்தது, முடிவு மட்டும் மாறவில்லை. அன்று டெம்பேயில் யாரும் அநியாயம் என்று கொடி பிடிக்கவில்லை. நமக்குச் சாதகமாகத் தவறினதும் நம் மைதானத்தில்தான் நடந்தது என்று அவனுக்குத் தெரியட்டும்.

அடுத்தது 1940 நவம்பர் 16. கார்னெல் பல்கலைக்கழகம் டார்ட்மத்தோடு ஆடியது. கார்னெல் அதற்கு முன் 18 ஆட்டங்கள் தோல்வியே காணாத அணி. கடைசி நொடிகளில் டச்டவுன் போட்டு 7–3 என்று ஜெயித்தது. ஓர் அணிக்கு நான்கு டவுன்தான். நடுவர் ரெட் ஃப்ரீசல் கணக்கைத் தவறவிட்டு ஐந்தாவது கொடுத்துவிட்டார், அதில் வந்த டச்டவுன் அது. பிறகு படச்சுருளைப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. நடுவர் தவற்றை ஒப்புக்கொண்டார். கார்னெல் தந்தி அடித்து வெற்றியை டார்ட்மத்துக்கு விட்டுக்கொடுத்தது. ஏடுகளில் இன்றும் அது டார்ட்மத் 3, கார்னெல் 0. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

1990 அக்டோபரில் இதே ஐந்தாம் டவுன் தவறு மறுபடி நடந்தது. கொலராடோ அதில் மிசௌரியை 33–31 என்று வென்றது. கொலராடோ விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆண்டு தேசியப் பட்டத்தையும் பங்கிட்டுக்கொண்டது. இரண்டையும் சொல்லுங்கள், எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளைகள் சரியாகத்தான் சொல்வார்கள்.

இதோடு ஸ்கேட்டபூ ஆடியதை உட்கார்ந்து மறுபடி பார்க்க வையுங்கள். கேம் ஸ்கேட்டபூ, சாக்ரமென்டோ ஸ்டேட் என்ற சிறிய அணியிலிருந்து வந்தவர். அன்று களத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப வந்து 143 கஜம் ஓடினார், 99 கஜம் பந்து பிடித்தார். நான்காவது கால் பகுதியில் அவரே 42 கஜம் எறிந்து மலிக் மெக்ளெய்னுக்கு டச்டவுன் கொடுத்தார், பிறகு ஓடி இன்னொன்று போட்டார். இரண்டு முறையும் கூடுதல் இரண்டு புள்ளி. பதினாறு புள்ளிப் பள்ளம் அப்படித்தான் தூர்ந்தது. அணியின் சிறந்த பந்து பிடிப்பாளர் ஜார்டின் டைசன் காயத்தால் ஆடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோற்ற பக்கத்தில் இருந்தும் ஆட்டத்தின் சிறந்த தாக்குதல் வீரர் விருது ஸ்கேட்டபூவுக்குத்தான் கிடைத்தது.

கே: இந்த அணி உண்மையிலேயே பெரிய அணியா, ஒரு வருட அதிர்ஷ்டமா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

ப: 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. 2024 தொடங்குமுன், நம் அணி ஆடுகிற பிக் 12 கூட்டமைப்பின் பதினாறு அணிகளில் பதினாறாவது என்று பத்திரிகையாளர்கள் கணித்தார்கள். அந்த அணி டிசம்பரில் அயோவா ஸ்டேட்டை 45–19 என்று வென்று பிக் 12 பட்டத்தை எடுத்தது. அதிர்ஷ்டத்தில் ஓர் ஆட்டம் வரும், பதினோரு வெற்றி வராது. டில்லிங்ஹாம் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், இந்த மண்ணில் பிறந்தவர். அவர் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை.

கே: புலம்பி முடித்தாகிவிட்டது. இனி என்னதான் மாற வேண்டும்?
— வாசகர், டாலஸ்

ப: பிக் 12 ஆணையர் ப்ரெட் யோர்மார்க், பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்) நடுவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே தரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கோரிக்கை. வெவ்வேறு கூட்டமைப்புகள் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்து, தனித்தனியாக மதிப்பெண் போட்டு வளர்க்கிற நடுவர்கள், ஜனவரியில் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

என் விருப்பம் இன்னும் சிறியது. டார்கெட்டிங்கை மறு ஆய்வு செய்தபின், எந்தக் கூறு இருந்தது, எது இல்லை என்று தலைமை நடுவர் ஒலிபெருக்கியில் சொல்லட்டும். "தலையில் பட்டது, ஆனால் இந்த அடையாளம் காணவில்லை" என்று ஒரே ஒரு வாக்கியம். அட்லாண்டாவில் அதைச் சொல்லியிருந்தால், ஏற்காதவர்கள் ஏற்காமலே இருந்திருப்பார்கள். ஆனால் எதை ஏற்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இளைஞர் ஸ்டோவாலுக்கும் அந்த விளக்கத்தைச் சொல்ல நடுவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். வாங்கிய அடி அவருடையது.