வீடு மாறினோம், பூனை தும்முகிறது

கேள்வி: எங்கள் பூனைக்கு 2 வயது. கண்ணெல்லாம் பீளையோடு தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம். பத்து நாள் முன்பு வீடு மாறினோம். மூன்று நாளாக விடாமல் தும்முகிறது, கண்ணில் நீர் வடிகிறது, பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறது. குழந்தைக்கு வாங்கிய பாரசிட்டமால் சிரப் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், உயிரே போகலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். தைலமும் தடவாதீர்கள். பூனை நக்கியே தீரும். கற்பூரமும் யூகலிப்டஸும் அதற்கு நஞ்சு.

சரி, தும்மலுக்கு வருவோம். குட்டியில் இருந்த பீளை, இப்போது வீடு மாறியது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது பூனை ஹெர்பிஸ் வைரஸ். குட்டியில் ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் நரம்புக்குள் பதுங்கி ஆயுள் முழுக்க இருக்கும். இடம் மாறுவது, புதுப் பூனை வருவது போன்ற மிரட்சிக்குப் பின் ஒரு வாரம் போல் கழித்துத் தலைகாட்டும். உங்கள் கணக்கும் அப்படித்தான் வருகிறது. மனிதருக்கு ஒட்டாது, வேறு பூனை இருந்தால் பிரித்து வையுங்கள்.

புது வீட்டுப் பெயின்ட் வாடை, சாம்பிராணி, கொசுவர்த்தி, மண் தட்டின் தூசி இவையும் தும்ம வைக்கும்தான். ஆனால் வெறும் புகைக்குத் தும்மும் பூனை சாப்பாட்டை ஒதுக்காது. எதற்கும் அவற்றை நிறுத்திவிடுங்கள்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். பூனை அமைதியாகப் படுத்திருக்கும்போது குளிர்ந்த சின்னக் கண்ணாடியை மூக்கின் முன் பிடியுங்கள். மூச்சு பட்டு இரண்டு பனிப்பொட்டு விழ வேண்டும். ஒன்றுதான் விழுகிறது, அல்லது ஒரு துளையில் மட்டும் சளி வருகிறது என்றால் கதை வேறு: உள்ளே புல் சிக்கியிருக்கலாம், மேல்பல் வேரில் சீழ் இருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மோப்பம் பிடிக்காத சாப்பாட்டைப் பூனை தொடாது. உப்பு, மசாலா இல்லாமல் மத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். வைப்பதற்கு முன், கதவு மூடிய குளியலறையில் ஆவி பறக்கும் வெந்நீரை மூடியில் துளையுள்ள வாளியில் வைத்து, பத்து நிமிடம் பூனையோடு நீங்களும் உட்காருங்கள். தண்ணீரில் எதுவும் போட வேண்டாம். பிறகு ஈரப்பஞ்சால் மூக்கைத் துடைத்துவிடுங்கள்.

பசி குறைந்திருப்பதால் நாளைக்குள் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது. முழுப் பட்டினியாக இரண்டு மூன்று நாள் விட்டால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும். குண்டுப் பூனைக்கு இது இன்னும் ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாலோ நாளை வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள்; அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் பெரிதாகிவிடும். ஆன்டிபயாடிக் தந்தால், அது வைரஸுக்கு அல்ல, பின்னால் சேரும் பாக்டீரியாவுக்கு. தடுப்பூசி போடாவிட்டால் குணமான பின் போட்டுவிடுங்கள். தும்மலே வராது என்று சொல்ல மாட்டேன், வந்தாலும் இவ்வளவு படுத்தாது.

அப்புறம், பூனைக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, பழைய வீட்டில் அது படுத்த துணியைத் துவைக்காமல் அப்படியே போடுங்கள். துவைத்தாயிற்று என்றால் நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டை போதும்.