ஒகோனி பெல்ஸ் விதை ஏன் முளைக்கவில்லை?

போன வருட விதையை விதைத்து, மண்ணால் மூடியதாகச் சொல்கிறீர்கள். அந்த இரண்டுமே காரணம். ஒகோனி பெல்ஸ் என்ற இந்தச் சிறு காட்டுப் பூச்செடியின் (தாவரப் பெயர் ஷார்ட்டியா கேலசிஃபோலியா) விதை தூள் போலப் பொடியானது. முதிர்ந்தபின் வெகு சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். மண்ணுக்கடியில் போனால் மேலே வர அதற்குத் தெம்பு கிடையாது.

அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்கள் சந்திக்கும் மலை ஓடைக்கரைகளில், ஈரமான வெற்று மண்ணில்தான் நாற்று பிடிக்கும். சருகு மூடினால் அழுகிப்போகும். அதனால் காய் வெடித்ததும் விதையை எடுத்து, நனைத்த ஸ்ஃபேக்னம் பாசித்தூள்மேல் தூவுங்கள். மூடாதீர்கள். தொட்டிமேல் கண்ணாடி, இடம் நல்ல நிழல், தண்ணீர் மழைநீர். சுண்ணாம்பு கலந்த நீர் ஆகவே ஆகாது, வேருக்கு அமில மண் வேண்டும். பூக்கப் பல வருடங்கள் ஆகும்.

வேர்விட்ட பக்கத் தண்டைப் பிரித்து நடுவது இதைவிட எளிது. குளிரில் அந்தப் பளபளப்பான வட்ட இலை செம்பு நிறமாவது நோயல்ல, பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.

காட்டிலிருந்து மட்டும் தோண்டவே கூடாது. 1973-இல் தென் கரோலினாவின் ஜொகாசி அணை நீர் இதன் வாழிடத்தில் பெரும்பகுதியை மூழ்கடித்துவிட்டது. நர்சரியிலேயே பெருக்கிய செடியா என்று கேட்டு வாங்குங்கள்.