பத்து மார்க் கேள்விக்கு வெளியே

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஒரு சிறு நகரத்துக் கலைக் கல்லூரியில் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சுயமாகக் கற்பதற்கும் ஆராய்ந்து சிந்திப்பதற்கும் பயிற்சி தருவதாகச் சொல்லி, 30 மணி நேரச் சான்றிதழ் வகுப்பு ஒன்றை இந்த ஆண்டு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கூடவே ஒரு பிபிடியும் (பவர்பாயின்ட் ஸ்லைடுகள்) தந்தார்கள். மாணவர்கள் அதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். சிந்தனையின் படிநிலைகள் யாவை என்றால் வரிசை மாறாமல் ஒப்பிக்கிறார்கள். நீங்களாக ஒரு கேள்வி கேளுங்கள் என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அசைன்மென்ட்டை சாட்ஜிபிடி எழுதித் தந்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பலர் மாலையில் ஜவுளிக்கடை, செல்போன் கடைகளில் வேலைக்குப் போகிறவர்கள். இவர்களிடம் இதை எதிர்பார்ப்பதே தவறோ என்று தோன்றுகிறது. கணக்குத் துறையில் இருந்தவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்? (என் பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த பிபிடியையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை. எதைக் கொடுத்தாலும் அது பரீட்சைக்கு வரும், வரிசையாக எழுதினால் மார்க் விழும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம்.

சிந்தனைக்குத் தனி வகுப்பு நடத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். யோசிக்க ஒரு விஷயம் கையில் இருக்க வேண்டும். அது உங்கள் பாடத்திலேயே கிடக்கிறது. தணிக்கைப் பாடத்தை எடுங்கள். 'வவுச்சிங் (கணக்குப் பதிவுகளை ரசீதுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) தணிக்கையின் முதுகெலும்பு, விளக்குக' என்ற பத்து மார்க் கேள்வியை எழுதாமல் தமிழ்நாட்டில் யாரும் பி.காம். முடித்திருக்க மாட்டார்கள். நானும் எழுதி மார்க் வாங்கியவன்தான். அதன் பக்கத்தில், பொய்க் கணக்கு காட்டி மாட்டிக்கொண்ட ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி சத்யத்தின் கதையைக் கொண்டுபோய் வையுங்கள். உங்கள் மாணவர்கள் அப்போது கைக்குழந்தைகள், அதனால் கதை புதிதாகவே இருக்கும்.

2008 டிசம்பர் 16. சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்திய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யத்தின் போர்டு, அதாவது இயக்குநர் குழு, ஒப்புதல் தருகிறது. ஒன்று மனை வணிகம், இன்னொன்று கட்டுமானம். அந்த போர்டில் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஹைதராபாத்தில் இருக்கும் ஐஎஸ்பி வணிகப் பள்ளியின் அப்போதைய டீனும் இருந்தார். கணக்கு பொய் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மனை எதற்கு என்று முதலாண்டு மாணவன்கூடக் கேட்பான். ஒப்பந்தத்தை நிறுத்தியது முதலீட்டாளர்களின் கொந்தளிப்புதான். ஒரே நாளுக்குள் அதைக் கைவிட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நல்ல நிர்வாகத்துக்கென்று கோல்டன் பீகாக் விருது வேறு வாங்கியிருந்தது அந்த நிறுவனம்!

2009 ஜனவரி 7 அன்று ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய், அதில் 5,040 கோடி கிடையாது. அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் செயல்பாட்டு லாபம் 649 கோடி, அதாவது வருவாயில் 24 சதவீதம் என்று அறிவித்திருந்தார்கள். உண்மையில் 61 கோடி, 3 சதவீதம்.

வகுப்பில் கடிதத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். பெயரை மறைத்து, அறிவித்த எண்களை மட்டும் கொடுத்து, இந்தக் கம்பெனிக்குக் கடன் தருவீர்களா என்று கேளுங்கள். எல்லோரும் தருவேன் என்பார்கள். 24 சதவீதம் அன்றைக்கு அந்தத் தொழிலில் கண்ணை உறுத்தாத எண். உறுத்தக் கூடாது என்றுதானே அப்படி ஜோடித்தார்கள்? அப்புறம் கடிதத்தைக் காட்டி, இதைக் கண்டுபிடிக்க யாரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று விட்டுவிடுங்கள். யாராவது ஒரு பெண், பேங்க்கிலேயே நேராகக் கேட்டிருக்கலாமே என்பாள். அமெரிக்காவின் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி 2011இல் சத்யத்தின் தணிக்கையாளர்கள் மேல் வைத்த குற்றச்சாட்டு கிட்டத்தட்ட அதுதான்: இருப்பு எவ்வளவு என்று உறுதி கேட்டு வங்கிக்குக் கடிதம் அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள். இதற்குப் பிறகு அந்தப் பத்து மார்க் கேள்வியை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

எதிர்பார்ப்பதே தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் நிற்கிற பிள்ளைகளிடம்தான் நான் கூடுதலாக எதிர்பார்ப்பேன். தவணையில் பொருள் வாங்கினால் ஜீரோ வட்டி என்கிறார்களே, அப்படி ஒன்று கிடையாது என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. செல்போன் கடைகளில் 'ஜீரோ வட்டி' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. அந்த வட்டியை யார் கட்டுகிறார்கள்? ப்ராசஸிங் ஃபீ எவ்வளவு? ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா? உங்கள் மாணவன் மாலையில் பில் போட்டுக்கொண்டே இதற்குப் பதில் கண்டுபிடித்துவிடுவான். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை.

இன்னொரு வேலையும் கொடுக்கலாம். ஒரே பிராண்டு ஷாம்புவின் சாஷேயையும் (சின்ன பாக்கெட்) பாட்டிலையும் வாங்கி, பின்பக்கம் இருக்கும் மில்லி அளவையும் எம்ஆர்பியையும் வைத்து மில்லிக்கு என்ன விலை என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது புத்தகம். நம் ஊரில் பல பிராண்டுகளில் சாஷேதான் மலிவாக வரும். ஏன் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஒரு ரூபாய் என்ற விலையை ஏற்ற முடியாத போட்டி ஒரு காரணமாக இருக்கலாம். பாட்டில் வாங்குகிறவர் கணக்குப் பார்ப்பதில்லை என்பதும் இருக்கலாம். கடலூரில் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு சாஷேயை வைத்தே வளர்ந்தது, அங்கிருந்தும் ஆரம்பிக்கலாம். சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் பரவாயில்லை. அது சொன்னதில் கடைச் சரக்கோடு ஒத்துப்போவது எது, போகாதது எது என்று எழுதிக்கொண்டு வரட்டும். அதற்கு மட்டும் மார்க்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 'எ ஸ்டடி ஆன் கஸ்டமர் சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' என்று தொடங்கி ஊர்ப் பெயரில் முடிகிற தலைப்பு, நூறு பேர் சாம்பிள், அதில் எண்பது படிவத்தை கேன்டீனில் உட்கார்ந்து தாங்களே நிரப்புவது, சதவீதக் கணக்கு, பை சார்ட், ஸ்பைரல் பைண்டிங். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் பங்குச்சந்தையில் இருக்கிற ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். மும்பை பங்குச்சந்தையான பிஎஸ்இயின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் ஐம்பது பக்கம் வண்ணப்படமும் சேர்மன் உரையும், தள்ளிவிடலாம். பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளில், உறவுக் கம்பெனிகளோடு (சத்யத்துக்கு மேட்டாஸ் போல) நடந்த பரிவர்த்தனை என்ற ஒரு பகுதியை மட்டும் செமஸ்டர் முழுக்க வைத்துக்கொள்ளட்டும். ஆங்கிலம் தடுக்கும்தான். படிப்பது ஆங்கிலத்தில் இருக்கட்டும், வாதம் தமிழில் நடக்கட்டும். வைவா மட்டும் ஏன் ஆங்கிலத்தில் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

30 மணி நேரத்துக்கு பிபிடியை விட்டு இதையெல்லாம் செய்தால் மேலிடம் ஒப்புக்கொள்ளுமா என்று நீங்கள் யோசிக்கலாம். வருகைப் பதிவும், கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் ஃபைலுக்கு ஜியோடேக் (இடக்குறிப்புள்ள) போட்டோவும் சரியாக இருந்தால் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. தைரியமாக ஆரம்பியுங்கள். அந்த ஷாம்புக் கணக்கில் உங்கள் ஊரில் என்ன விலை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.