செராமிக் கோட்டிங்கா, வேக்ஸா? வாசகர் கேள்வி – பதில்

கார் பெயின்ட் பராமரிப்பு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: புது கார் புக் செய்திருக்கிறோம். டெலிவரிக்கு முன்பே செராமிக் கோட்டிங் போட்டுத் தருவதாகச் சொல்லி ஷோரூமில் 25,000 ரூபாய் கேட்கிறார்கள். "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வேக்ஸ் போட்டாலே போதும்" என்கிறார் அப்பா. யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, திருச்சி

பதில்: அப்பா சொல்வது சரிதான், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் யாராவது உட்கார்ந்து போடுவதாக இருந்தால். நல்ல கார் வேக்ஸில் முக்கியமான சரக்கு கார்னோபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. தனியாக அது உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். டப்பாவில் வருவதோ எண்ணெயும் கரைப்பானும் கலந்த கலவை. சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்பு கார் பானெட் 70 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் படலம் இளகும், ஒவ்வொரு ஷாம்பூ வாஷிலும் கொஞ்சம் போகும். நம் ஊர் வெயிலில் ஆறு முதல் எட்டு வாரம் தாங்கினால் அது நல்ல வேக்ஸ்.

செராமிக் கோட்டிங் சிலிக்கா சார்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டியாகி, பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமில்லாத அடுக்கான க்ளியர் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஷாம்பூ அதைக் கரைக்காது. ஒழுங்காகக் கழுவி வந்தால் இரண்டு வருடம் எதிர்பார்க்கலாம். ஐந்து வருடம், ஏழு வருடம் என்று வாரண்டி அட்டையில் இருந்தால் பின்பக்கத்தையும் படியுங்கள். வருடா வருடம் பணம் கட்டி மெயின்டனன்ஸ் செய்தால்தான் செல்லும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

ஆனால் இதைக் கவசம் என்று எண்ண வேண்டாம். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து சுமார் 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் க்ளியர் கோட் 40, 50 மைக்ரான். கோட்டிங்கோ ஒன்று, இரண்டு மைக்ரான்தான். அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபமாகும், பளபளப்பு நீடிக்கும். நீங்கள் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

கார் நிழலில் நிற்கும், நீங்களே கழுவுவீர்கள் என்றால் கோட்டிங் போடுங்கள். ஷோரூமில் போடுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: வண்டியை எத்தனை மணி நேரம் வைத்திருப்பீர்கள்? யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்று, எல்லா வண்டியையும் துடைத்த துணியாலேயே துடைக்கப்பட்டு வருகிற புது காரில் மெல்லிய வட்டக் கீறல்கள் ஏற்கெனவே இருக்கும். அவற்றை பாலிஷ் செய்து எடுக்காமல் கோட்டிங் போட்டால் கீறல் அப்படியே அடியில் தங்கிவிடும். கழுவி, பாலிஷ் போட்டு, கோட்டிங் பூசி, காயவிட ஒன்றரை நாளாவது வேண்டும். "சாயங்காலம் கொடுத்துடறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டியை பாலிஷ் செய்யாமல் அப்படியே தரச் சொல்லி, வெளியே நல்ல டீட்டெய்லிங் கடையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோட்டிங் பாட்டிலில் "9 எச் கடினம்" என்று போட்டிருக்கிறது. அப்படியானால் சாவிக் கீறல், கல் அடி எதுவும் விழாதா? – வாசகர், சேலம்

பதில்: விழும். 9 எச் என்பது பென்சில் சோதனையின் அளவு. 9 எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழவில்லை என்பதுதான் அர்த்தம். கனிமங்களின் கடினத்தை அளக்க, வைரத்துக்கு 10 என்று கொடுக்கிற மோஸ் அளவுகோல் வேறு. அதோடு இதைக் குழப்பித்தான் விற்கிறார்கள். கல் அடியைத் தாங்க பி.பி.எஃப். என்கிற பாலியூரித்தேன் ஃபிலிம் வேண்டும். அதன் தடிமன் 150 முதல் 200 மைக்ரான். தினமும் ஹைவேயில் ஓடுகிற வண்டி என்றால் முன் பம்பர், பானெட், மிரர் மூடிகளுக்கு மட்டும் ஒட்டினாலே நல்ல பயன்.

கேள்வி: கோட்டிங் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பானெட், ரூஃப் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் போர் தண்ணீர்தான். காலையில் வண்டி துடைக்கிறவர் வந்து துடைக்கிறார். கோட்டிங் போலியா? – வாசகர், தாம்பரம்

பதில்: கோட்டிங் நன்றாக வேலை செய்வதால்தான் இந்தக் கறை. அது தண்ணீரைப் பரவ விடாமல் முத்து முத்தாக நிறுத்தும். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். முத்து நின்ற இடத்திலேயே வெயிலில் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு வட்டமாகத் தங்கிவிடும். வேக்ஸிலும் இது நடக்கும். ஆனால் வேக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும்போது கறையில் ஒரு பகுதியையும் கொண்டு போய்விடும். கோட்டிங் அசையாமல் நிற்பதால் உப்பு அதன் மேல் அடுக்கடுக்காக ஏறும். நாளடைவில் தண்ணீர் முத்தாக நிற்பதும் நின்றுவிடும். கோட்டிங் போய்விட்டது என்று பலரும் நினைப்பது இந்த நிலையில்தான்.

வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு ஆறியதும் ஷாம்பூ வாஷ் செய்யுங்கள். வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக் கறை மேல் ஒரு நிமிடம் போர்த்தி வையுங்கள். காயவிடக் கூடாது. துணியை எடுத்து, அலசி, உடனே ஒற்றி எடுங்கள். முதலில் ஒரு ஓரத்தில் செய்து பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். அதன் பிறகும் வட்டம் தெரிந்தால் உப்பு அரித்து உள்ளே இறங்கிவிட்டது. மெல்லிய பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்துக் கோட்டிங்கும் சேர்ந்தே போகும், அந்தத் தகட்டுக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும்.

இனிமேல் வராமலிருக்க, போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஐந்து லிட்டர் உப்பில்லாத தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு அடிக்கிற கை ஸ்ப்ரேயர் புதிதாக ஒன்று வாங்கி அதில் ஊற்றி அடித்தால் இந்த அளவு போதும். மழைத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், துணியில் வடிகட்டிய ஏ.சி. தண்ணீர் எதுவானாலும் சரி. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். வீணாகிறதே என்று பலர் அதில்தான் கார் கழுவுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து இருப்பது அதில்தான்.

வண்டி துடைக்கிறவரிடம் கண்ணாடி, டயர், உள்ளே மேட் ஆகியவற்றை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து வண்டி துடைக்கும்போது துணியில் ஏறிய மணல்தான் பெயின்ட்டை அறுக்கிறது. அதைக் கோட்டிங்கும் தாங்காது, வேக்ஸும் தாங்காது.

கேள்வி: 30 மில்லி கோட்டிங் பாட்டில் ஒன்று ஆன்லைனில் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே போட முடியுமா? – வாசகர், மதுரை

பதில்: முடியும். ஒரு ஹேட்ச்பேக்குக்கு 30 மில்லி தாராளம். கூரையுள்ள இடம் வேண்டும், காற்றில் தூசி பறக்கக் கூடாது, இரண்டு முழு நாள் ஒதுக்க வேண்டும்.

முதல் நாள் தயாரிப்பு. ஷாம்பூ வாஷுக்குப் பிறகு அயர்ன் ரிமூவர் அடியுங்கள். பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறந்து ஒட்டிய இரும்புத் துகள் இருந்தால் ஊதா நிறமாக வழியும். நாற்றம் கடுமையாக இருக்கும், காயவிடாமல் அலசிவிடுங்கள். பிறகு ஷாம்பூ தண்ணீர் தெளித்துக்கொண்டே க்ளே பாரை (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) லேசாகத் தேயுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரலில் மாட்டித் தடவினால் சொரசொரப்பு தெரியவே கூடாது. க்ளே கீழே விழுந்தால் தூக்கி எறியுங்கள், மண் ஒட்டியது மறுபடி உதவாது. அடுத்தது பாலிஷ். கீறல் அதிகமென்றால் மெஷின் பாலிஷை மட்டும் கடையில் செய்துகொள்வது நல்லது. க்ளியர் கோட்டில் அதிகம் எடுத்துவிட்டால் திரும்ப வராது.

மறுநாள் விடியற்காலையில் பூச ஆரம்பியுங்கள். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தகடு முழுவதும் துடையுங்கள். பாலிஷ் எண்ணெய் மிச்சம் இருந்தால் கோட்டிங் பிடிக்காது. ஒரு மாதத்தில் உரிந்தது என்று வருகிற புகார்களுக்கு இந்த ஒரு படியை விட்டதே பெரும்பாலும் காரணம். கையுறை, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அப்ளிகேட்டர் துணியில் ஏழெட்டுச் சொட்டு விட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முதலில் நெடுக்கில், பிறகு குறுக்கில் தேயுங்கள். எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் தெரிவது போல வானவில் நிறம் ஓடும். அப்போதே குட்டை ரோமமுள்ள மைக்ரோஃபைபரால் சமமாகத் துடைத்து, இன்னொரு புதுத் துணியால் மறுபடி துடையுங்கள். பாட்டிலில் இரண்டு, மூன்று நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கும். அது குளிர்ந்த ஊருக்கான கணக்கு. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக் காற்றிலும் 30, 40 விநாடியிலேயே இறுகிவிடும். துடைக்கத் தாமதமானால் கறுத்த திட்டாக நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் அதே இடத்தில் இன்னும் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, இளகியதும் துடைத்து எடுக்கலாம். மறுநாள் பார்த்தால் பாலிஷ்தான். அதனால் ஒவ்வொரு தகடும் முடிந்ததும் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர், பனி படக் கூடாது. ஏழு நாள் ஷாம்பூ கூடாது. பயன்படுத்திய துணிகள் காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி கீறும், துவைத்து எடுத்து வைக்காதீர்கள். திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதும் சில வாரத்தில் கட்டியாகிவிடும்.

கேள்வி: விபத்தில் பானெட், ஃபெண்டர் ரீபெயின்ட் ஆனது. உடனே கோட்டிங் போடலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. புது பெயின்ட்டிலிருந்து கரைப்பான் வெளியேற வேண்டும். 60 முதல் 90 நாள் வரை வேக்ஸும் வேண்டாம், கோட்டிங்கும் வேண்டாம். சாதாரண வாஷ் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: என் கார் எட்டு வருடப் பழையது. தெருவில் மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். காக்கா எச்சம் தினமும் உண்டு. கோட்டிங் பாதுகாக்குமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்களுக்கு வேக்ஸே போதும். எச்சம் வெயிலில் மணிக்கணக்கில் காய்ந்தால் கோட்டிங்கையும் தாண்டித் தழும்பு விழும். அதற்காகப் பெரிய தொகை செலவழிக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை க்ளேயும் மெல்லிய பாலிஷும் செய்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் வேக்ஸ் போடுங்கள். முழு வண்டிக்கும் 15, 20 கிராம் போதும். கனமாக அப்பினால் துடைக்கத்தான் சிரமம், கூடுதல் பலன் இல்லை. ஸ்பாஞ்சில் லேசாகத் தொட்டுப் பூசி, சில நிமிடம் கழித்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் காய வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள், வெள்ளையாகப் படிந்துவிடும்.

வண்டிக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ பேப்பரும் வைத்துக்கொள்ளுங்கள். எச்சத்தைப் பார்த்தவுடன் ஈர டிஷ்யூவை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுங்கள்.